கத்தரிக்கு முன் கணக்கு
தையற் சங்க உறுப்பினர்களுக்கும் நெசவாளர்களுக்கும் ஒரு பாடம்

தறியிலிருந்து இறங்கிய துணி அப்படியே உடுப்பாகிவிடுவதில்லை. இடையே கத்தரி என்று ஒன்று இருக்கிறது. நெய்தவர் பல நாள் பாடுபட்டு ஆக்கியதை அது சில நிமிடங்களில் ஆக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும். ஆகவே தையல் தொழில் நடத்தும் உறுப்பினரும், அவருக்குத் துணி நெய்து தரும் உறுப்பினரும் சேர்ந்து படிக்கவேண்டிய பாடமாக இதை எழுத முற்பட்டோம்.

பண்ருட்டி வட்டம் காடாம்புலியூர்ப் பக்கம் சென்றவர்கள் சாலையின் இருமருங்கிலும் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் கண்டிருப்பர். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலில் இவ்வட்டாரத்து முந்திரியும் பலாவும் பெருவாரியாகச் சாய்ந்தன. மறுபடி நட்ட கன்று பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும் என்பது விவசாயி அறிந்ததே. மரத்தை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு இரண்டாவது வருமானம் ஒன்று வேண்டும் என்ற உண்மையை அப்புயல் கற்பித்தது. அத்தகைய வருமானத்துக்கு வீட்டு மூலையில் இருக்கும் தையல் எந்திரம் ஏற்ற கருவியே. ஆயினும் எந்திரம் மட்டும் தொழில் ஆகாது; அளவும் கணக்கும் சேர்ந்தால்தான் தொழில்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் தையற் சங்கமொன்றின் கணக்கைத் தணிக்கை செய்தோம். ஒரு பள்ளிக்குச் சீருடைச் சட்டை தைக்க 300 மீட்டர் துணி வழங்கப்பட்டிருந்தது. சட்டை ஒன்றுக்கு 1.25 மீட்டர் என்பது தீர்மானம். அதன்படி 240 சட்டைகள் வரவேண்டும்; வந்தவை 228. பன்னிரண்டு சட்டைக்கான 15 மீட்டர் துணி குறைவு என்று பதிவேட்டில் எழுதினோம். மீட்டர் 120 ரூபாய் வீதம் 1,800 ரூபாய், துணி வெட்டிய உறுப்பினரின் கூலியில் பிடித்தமாயிற்று.

“அகலம் பத்தலைங்க சார், அளந்து பாருங்க” என்று அந்த அம்மையார் சொன்னார். பற்றுச்சீட்டில் 36 அங்குலம் என்று இருந்ததைக் காட்டினோம். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

நான்கு மாதம் கழிந்து மறுபடி அங்குச் சென்றபோது, கணினிப் பயிற்சி பெற்ற இளம் உறுப்பினர் ஒருவர் அதே சட்டையின் பாகங்களைத் திரையில் வரைந்து வைத்திருந்தார். முதுகுப் பாகத்தின் அகலம் 17 அங்குலம். முன்பாகம் இரண்டும் ஒவ்வொன்று 9½ அங்குலம். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் மொத்தம் 36 அங்குலம். அரை அங்குலம்கூட மிச்சமில்லை. அப்போது அந்த அம்மையார் வெட்டியதில் எஞ்சிய துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை எடுத்து வந்தார். இரு பக்கக் கரையும் இருந்த துண்டுகளை அளந்தோம். சில 36 அங்குலம், பல 35 அங்குலம்.

உண்மை விளங்கிற்று. அகலம் குறைந்த துணியில் மூன்று பாகமும் அணிவகுத்து நிற்கா. அவர் ஒரு முன்பாகத்தைச் சற்றுக் கீழே இறக்கி, ஒன்றன் கைக்குழிப் பள்ளத்தில் மற்றொன்றின் விளிம்பை நுழைத்து வெட்டியிருக்கிறார். அதனால் நீளம் கூடிற்று. 15 மீட்டரை 228 சட்டைக்குப் பங்கிட்டால் சட்டை ஒன்றுக்குச் சுமார் 6½ சென்டிமீட்டர்தான். அது திருட்டன்று, கவனக்குறைவுமன்று, திறமை. அந்தத் திறமைக்கு நாம் அபராதம் விதித்திருந்தோம். குறிப்பு திருத்தப்பட்டது, தொகை திருப்பித் தரப்பட்டது. துணியின் நீளத்தை மட்டும் எழுதி அகலத்தை அளக்காமல் விட்டது நம் குற்றமே.

வெட்டுரு என்பது யாது?

தையற்காரர்கள் ‘பேட்டர்ன்’ என்றும் ‘அட்டை’ என்றும் வழங்குவதை இங்கே வெட்டுரு என்போம். உடலின் வளைவை விரித்துத் தட்டையான தாளில் இறக்கிய படம் அது. நம் ஊர்களில் பலரும் ‘அளவு ரவிக்கை’ ஒன்றை வாங்கி வைத்து அதைப் பார்த்தே வெட்டுவர். பழைய ரவிக்கை பலமுறை துவைத்துச் சுருங்கியிருக்கும், அல்லது தளர்ந்திருக்கும். அதன் குறை புதியதிலும் ஏறிவிடும். ஆகவே டேப்பால் உடலை அளந்து வரைவதே முறை.

அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் பல அளவுகளில் காகித வெட்டுருக்களை விற்கத் தொடங்கினார். வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்கு அவை பெரிதும் பயன்பட்டன. கணினி வெட்டுரு அதன் அடுத்த படி. இதில் தாளுக்குப் பதில் திரை. பென்சில் கோட்டுக்குப் பதில் சூத்திரம்.

சூத்திரம் வேலை செய்யும் விதம்

மேற்சொன்ன சட்டையையே எடுத்துக்கொள்வோம். மார்பளவு 28 அங்குலம். உடல் அசையத் தளர்வு 4 அங்குலம். இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் 8. பக்கத் தையலுக்கு விடுவது ½ அங்குலம். ஆகவே அரை முதுகு 8½, முழு முதுகு 17. முன்பாகம் ஒன்றுக்கு 8, தையலுக்கு ½, பட்டன் பட்டிக்கு 1, ஆக 9½.

கையால் வரையும்போது 8½ என்ற விடையை மட்டும் தாளில் குறிக்கிறோம். கணினியிலோ ‘மார்பும் தளர்வும் கூட்டி நான்கால் வகு’ என்ற விதியையே எழுதிவைக்கிறோம். பின்னர் 28 என்பதை அழித்து 30 என்று இட்டால் அரை முதுகு 9 என்று தானே நகரும். அதனோடு இணைந்த கோடுகளும் வளைவுகளும் நகரும். அளவுகள் ஒரு கோப்பிலும் வரைபடம் வேறொரு கோப்பிலும் இருப்பதால், ஒரே வரைபடத்தை எத்தனை பேர் அளவுக்கும் மாற்றலாம்.

இதற்கென்றே ‘வாலன்டினா’ என்ற மென்பொருளும், அதிலிருந்து கிளைத்த ‘சீம்லி டூ டி’ என்பதும் உள்ளன. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. சங்கத்தின் கணக்கெழுதும் சாதாரணக் கணினியிலேயே இவற்றை நிறுவிக்கொள்ளலாம்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் அவசியம்.

முதலாவது, வெட்டுருவைப் புகைப்படம் எடுத்து விழுக்காட்டில் பெரிதாக்குவது தவறு. 28-ஐ 30 ஆக்க ஏறத்தாழ 7 விழுக்காடு பெரிதாக்கவேண்டும். அவ்வாறு செய்தால் 20 அங்குல நீளம் 21.4 அங்குலமாகும், உண்மையில் ஓர் அங்குலம் கூட்டினால் போதுமானதாக இருக்கலாம். தையலுக்கு விட்டதும் பட்டன் பட்டியும் வேண்டாமலே பெருக்கும். ஒவ்வோர் அளவும் தன் விதிப்படியே வளரவேண்டும்.

இரண்டாவது, அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற கட்டளையை நீக்கி, நூறு விழுக்காடு என்றே இடவேண்டும். படத்தின் மூலையில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்துகொள்க. அச்சான தாளில் அதை அளந்து பார்த்தபின்பே மற்றத் தாள்களை ஒட்டுக. சதுரம் 9.7 சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தால், 36 அங்குலச் சுற்றளவில் ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். சட்டை பூட்டாது. மேற்சொன்ன முதுகுப் பாகம் ஒன்றுக்குச் சாதாரண ஏ4 தாள் ஆறு வேண்டியிருக்கும். ஒட்டிய தாளைத் தடித்த அட்டையில் படியெடுத்துக்கொண்டால் பல காலம் உழைக்கும்.

மூன்றாவது, திரையில் சரியாகத் தோன்றுவதெல்லாம் உடலில் சரியாக அமையாது. கைக்குழியின் சுற்றும் கையின் மேல் வளைவும் பொருந்துகின்றனவா என்பதைக் கணினி அளந்து சொல்லும். துணி எப்படி விழும் என்பதைச் சொல்லாது. ஆகவே மலிவான துணியில் ஒன்று தைத்து அணிவித்துப் பார்த்த பிறகே நல்ல துணியில் கத்தரி வைக்கவேண்டும்.

நெசவாளர் கவனிக்கவேண்டியது

துணி தறியில் இழுபட்டு நிற்கும்போது உள்ள அகலம் வேறு. இறங்கிய பின் உள்ள அகலம் வேறு. நனைத்து உலர்த்திய பின் உள்ள அகலம் வேறு. ஊடை இழுப்பு ஒரே சீராக இல்லாவிடில் ஒரே பாவிலும் அகலம் மாறும். ஓர் அங்குலம் சிறிது என்று எண்ணலாகாது. அந்த ஓர் அங்குலம் எங்கோ ஒரு தையற்காரியின் மூன்று பாகங்கள் பக்கம் பக்கமாக நிற்பதைத் தடுக்கிறது என்பதை மேலே கண்டோம். விற்பனைச் சீட்டில் இறங்கிய பின் அளந்த அகலத்தையே எழுதுக. வாங்கும் சங்கமும் ஒவ்வொரு உருளையிலும் மூன்று இடங்களில் அகலம் அளந்து இருப்புப் பதிவேட்டில் குறிக்கட்டும். பிறகு வெட்டுருவை அந்த அகலத்தில் பரப்பிப் பார்த்து, சட்டைக்கு எத்தனை மீட்டர் என்பதைத் தீர்மானிக்கட்டும்.

ஒரு மூட்டைக் கொட்டையில் எவ்வளவு பருப்புத் தேறும் என்று உடைத்துப் பார்க்காமல் எந்த முந்திரி வியாபாரியும் விலை பேசுவதில்லை. துணிக்கும் அதுவே நியாயம்.

கூலியின் கணக்கு

இனி வரவு செலவு. ஒரு ரவிக்கைக்கு 180 ரூபாய் தையற்கூலி என்று வைத்துக்கொள்வோம். லைனிங், நூல், ஊக்கு ஆகியவற்றுக்கு 45 ரூபாய். மின்சாரம், வாடகை, எந்திரப் பழுது ஆகியவற்றின் பங்கு 20 ரூபாய். மீதம் 115 ரூபாய். அளவெடுத்து வெட்டித் தைத்து முடிக்க இரண்டரை மணி நேரமானால் மணிக்கு 46 ரூபாய் கிடைக்கிறது. பொருத்தம் சரியில்லை என்று ரவிக்கை திரும்பி வந்து, பிரித்துத் தைக்க அரை மணி நேரம் கூடுதலாக ஆயிற்றென்றால் மணிக்கு 38 ரூபாய் சொச்சமாகக் குறைகிறது. அந்த அரை மணிக்கு யாரும் கூலி தருவதில்லை. பெரும்பாலோர் கணக்கில் அது இடம்பெறுவதும் இல்லை.

திருத்தமான வெட்டுருவின் ஆதாயம் இங்கேதான். வாடிக்கையாளரின் அளவுகள் ஒருமுறை பதிவாகிவிட்டால், அடுத்த தீபாவளிக்கு மாறியதை மட்டும் மாற்றினால் போதும். எனினும், நாளொன்றுக்கு ஓரிரு ரவிக்கை தைப்பவர் தமக்கென்று கணினி வாங்கவேண்டியதில்லை. கடன் வாங்கி வாங்குவது அறவே கூடாது. இருபது பேர் சேர்ந்த சங்கத்துக்கு ஒரு கணினியும் ஒரு அச்சுப்பொறியும் போதும். தனியொருவரால் தாங்க இயலாததைப் பலர் கூடித் தாங்குவதற்கன்றோ கூட்டுறவு?

சங்கம் வகுக்கவேண்டிய ஒழுங்கு

தமிழ்நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு அரசு வழங்கும் விலையில்லாச் சீருடைகளைத் தைக்கும் பணியில் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் ஈடுபட்டு வந்துள்ளன. அத்தகைய பெருந்தொகை வேலையில் ஓர் அரை அங்குலப் பிழை நூற்றுக்கணக்கான உடுப்புகளில் பெருகும். ஆகவே சில விதிகளைப் பேரவையிலேயே நிறைவேற்றி வைப்பது நலம்.

சங்கச் செலவில் வரைந்த வெட்டுரு சங்கத்தின் சொத்து. அதை வரைந்தவர் பெயரும் நாளும் பதிவேட்டில் இருக்கவேண்டும். வரைந்த வேலைக்குத் தனிக் கூலியும் தரவேண்டும். பல்லாண்டு கையால் வெட்டிப் பழகிய மூத்த உறுப்பினரிடம் கேட்டே சூத்திரம் எழுதவேண்டும். அவருடைய அனுபவத்தைக் கணினியில் ஏற்றிவிட்டு அவரை வெளியே அனுப்புவது அநியாயம், தொழிலுக்கும் கேடு.

பெண்களின் உடல் அளவுகள் பிறர் பார்வைக்கு உரியன அல்ல. கோப்பில் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதுக. எண்ணுக்குரிய பெயர் செயலாளர் பொறுப்பிலுள்ள பதிவேட்டில் இருக்கட்டும். விலைக்கு வாங்கிய பிறர் வெட்டுருவைப் படியெடுத்து விற்கலாகாது. எல்லாக் கோப்புகளுக்கும் வேறோரிடத்தில் ஒரு படி இருக்கவேண்டும். கணினி பழுதானால் அட்டைகளாவது கைவசம் இருக்கவேண்டும்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் 28 பேர் 1844-இல் தங்கள் சிறு கடையைத் திறந்தபோது, மாவும் வெண்ணெயும் சர்க்கரையுமாகச் சில சரக்கே அவர்களிடம் இருந்தன. நெசவாளர்களும் அவர்களுள் இருந்தனர். கலப்படமற்ற பொருளும் குறையாத எடையும் அவர்கள் கொடுத்த வாக்கு. சரியான எடைக்கு நிகரானது சரியான அளவு. உறுப்பினருக்குச் சங்கம் தரவேண்டிய முதல் நியாயம் அதுவே. அதை நாமும் ஒரு மூட்டைத் துண்டுத் துணியிடமிருந்துதான் கற்றோம்.

கூட்டத்தில் ஆராய்வதற்கு

1. மார்பளவு 32 அங்குலமுள்ள சட்டைக்கு மேற்கண்ட விதிப்படி முதுகு, முன்பாகம் ஆகியவற்றின் அகலம் என்ன? மூன்று பாகமும் 36 அங்குலத் துணியில் பக்கம் பக்கமாக அடங்குமா? அடங்காவிடில் எவ்வாறு பரப்பலாம்?

2. நம் சங்க இருப்புப் பதிவேட்டில் துணியின் அகலத்துக்கு ஒரு பத்தி உண்டா? இல்லையேல் இம்மாதமே சேர்க்கலாமா?

3. சென்ற மாதம் திருத்தத்துக்குத் திரும்பி வந்த உடுப்புகள் எத்தனை? அவற்றுக்குச் செலவான நேரத்தின் கூலி எவ்வளவு? அதை யார் ஏற்றனர்?