எப்பொழுது சூடாகிறது?

துபாயிலிருந்து ஹத்தாவுக்குப் போகும் சாலையில் அல் பதாயர் என்றோர் இடம் உண்டு. அங்கே செந்நிறமாக எழுந்து நிற்கும் மணற்குன்றை எல்லோரும் 'பிக் ரெட்' என்றே அழைப்பர். வெயில் தணியும் மாதங்களில் குவாட் பைக்குகள் பொழுதெல்லாம் அங்கே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அவ்வாகனங்களைப் பழுது பார்க்கும் பணிமனை ஒன்றில் நெடுங்காலம் உழைத்தவன் என்ற முறையில், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும் நோயைக் குறித்து நான் அறிந்தவற்றை, இத்தொழிலுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்படும் என்றெண்ணி எழுதுகிறேன்.

சாலையில் விரையும் மோட்டார் சைக்கிளுக்கு எதிர்க்காற்றே பெரிய சகாயம். மணலேறும் குவாடுக்கு அந்தப் பாக்கியம் இல்லை: கட்டைவிரல் திராட்டிலை முழுவதும் அழுத்தியிருக்கும், சக்கரங்கள் மணலை வாரி இறைத்துக்கொண்டிருக்கும், வண்டி நகர்வதோ ஆள் நடக்கும் வேகத்தில்தான். பிறக்கும் உஷ்ணம் பூரணமாகவும் அதை ஏந்திச் செல்லும் காற்று சொற்பமாகவும் இருப்பதால், சமவெளியில் நெடுநாள் மறைந்திருக்கக்கூடிய அற்பக் குறைகூட இங்கே ஒரே ஏற்றத்தில் வெளிப்பட்டுவிடும்.

"அண்ணே, வண்டி ஹீட் ஆவுது, கூலன்ட் ஊத்திவிடுங்க" என்று பையன்கள் வந்து நிற்பார்கள்.

"ஊத்துறது இருக்கட்டும் தம்பி. எப்ப ஆவுது? நின்னா ஆவுதா, ஏறுனா ஆவுதா?"

இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்கு முன் நான் ஸ்பானரைத் தொடுவதில்லை. நின்றிருக்கும்போதும் மெல்ல ஊரும்போதும் மட்டும் வெப்பம் காட்டும் முள் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கிவிடுமானால், விசிறி வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம். நிற்கையில் சாதுவாக இருந்து பாரம் ஏறினால் மட்டும் கொதிக்குமானால், ரேடியேட்டர் உள்ளேயோ வெளியேயோ அடைபட்டிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய சில நிமிஷங்களுக்குள்ளேயே கொதி வந்துவிடுமானால், கூலன்ட் குறைந்திருக்க வேண்டும், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்க வேண்டும், அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்க வேண்டும்.

விசிறியைப் பார்ப்பது எளிது. ஃப்யூஸும் ரிலேயும் சரியாயிருந்தும் சுழலவில்லையென்றால், அதன் இணைப்பைக் கழற்றி பாட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுழன்றால் குற்றம் ஸ்விட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. சுழலுகிறது என்பதோடு மட்டும் திருப்தியடைந்துவிடலாகாது. எங்கேயோ புது விசிறி மாட்டி வந்த வண்டியொன்று அப்படியும் கொதித்தது. ரேடியேட்டரின் முகத்தில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் என் கையை நோக்கி விலகிப் பறந்தது. இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டபடியால், காற்றை உள்ளிழுக்க வேண்டிய விசிறி, எஞ்சினின் அனலை வாரி முன்புறம் ஊதிக்கொண்டிருந்தது.

ரேடியேட்டரின் வெளியடைப்புத்தான் எங்கள் பணிமனைக்குச் சோறு போட்டது என்றால் மிகையாகாது. கசிந்த எண்ணெய்ப் பசையின்மேல் நுண்மணல் படிந்து, தகடுகளின் இடுக்கில் கம்பளித் துணியைப் போல இறுகிவிடும். முன்னாலிருந்து நோக்குபவனுக்கோ அது சுத்தமாகவே தோன்றும். பின்புறம் டார்ச் விளக்கைப் பிடித்து முன்புறம் எவ்வளவு வெளிச்சம் ஊடுருவுகிறது என்று பார்ப்பதே உண்மையை அறியும் வழி. கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெல்லிய தாரையில் நீர் விட வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கி, பின்பு காற்றுக்கு நிரந்தரமாகவே வழியில்லாமற் போகும்.

கூலன்ட் விஷயத்தில் ரேடியேட்டர் மூடியின் மகிமையை உணர்ந்தவர் சிலரே. எதிலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சமபாகம் கலந்த திரவம் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும், 1.1 பார் மூடி அழுத்திப் பிடித்திருக்கையில் 125 டிகிரியைக் கடந்தும் கொதியாது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும். சூடு ஆறும்போது ரிசர்வ் டாங்கிலிருந்து கூலன்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வழிவிடுவதும் அம்மூடியின் வால்வுதான். டாங்கு நிறைந்திருப்பதைக் கண்டு ரேடியேட்டரும் நிறைந்திருக்கிறது என்று முடிவு கட்டுவது பேதைமை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியையே திறந்து பார்க்க வேண்டும். ஆறுமுன் திறந்தாலோ, அழுத்தம் விடுபட்ட கணத்தில் திரவம் ஆவியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். இன்னொன்று: கூலன்ட் மிகக் குறைந்துபோனால் சென்சார் வெறும் ஆவியில் நின்று, எஞ்சின் வேகும்போதே முள் தாழ்ந்து காட்டுவதும் உண்டு.

குறைந்த கூலன்ட் எங்கே போயிற்று என்று விசாரிக்காமல் மேலே ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதில் ஈரமோ உலர்ந்த பச்சைக் கறையோ தென்பட்டால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை ஒழுக்கென்று கருதிப் பசை வைத்து அடைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அடைபட்ட கூலன்ட் பிறகு எண்ணெயைத் தேடிப் போகும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் பம்பின் சீல், ஹெட் கேஸ்கெட் இரண்டையுமே சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழுவதும், ஆறி வெகுநேரமாகியும் ஹோஸ் விறைத்து நிற்பதும் கேஸ்கெட்டின் லட்சணங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே வராது என்பது எங்கள் தொழிலில் வேரூன்றிய மூடநம்பிக்கை. அது இல்லாத எஞ்சின், குளிர்ந்த காலைகளில் தக்க உஷ்ணத்தை எட்டாமலே ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும். சந்தேகமானால் அதை ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பிலேற்றிப் பார்க்கலாம். பல வண்டிகளில் 80 டிகிரியைத் தாண்டியதும் வாய் பிளக்கத் தொடங்கும்.

புதுக் கூலன்ட் நிரப்புகையில் முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, மூடி உயர்ந்த இடத்தில் நிற்கச் செய்து, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். நிறத்தை நம்பி ஒரு வகையோடு மற்றொன்றைக் கலக்கலாகாது. சில கலவைகள் உள்ளேயே கூழாகித் திரிந்துவிடும். வடித்தெடுத்த பழைய கூலன்டை மணலில் கொட்டாமல் மூடியுள்ள கேனில் சேர்த்துவைக்க வேண்டும். அது தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கப் போதுமானது.