கம்பி வழி இணையம்: லினக்ஸ் கணினி கைப்பேசியைக் கண்டுகொள்ளாதபோது

இடுபணியை நள்ளிரவுக்குள் பதிவேற்ற வேண்டும். விடுதி வைஃபை செயலிழந்துவிட்டது. கைப்பேசியில் தரவு மிச்சம் இருக்கிறது. யுஎஸ்பி கம்பியும் கைவசம் உண்டு. ஆனால் லினக்ஸ் கணினியில் செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. உடனே கணினியை இரண்டு மூன்று முறை அணைத்துத் திறந்துவிட்டு, "லினக்ஸ் என்றாலே இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அது நியாயமன்று. கைப்பேசியிலிருந்து உலாவிக்கு வரும் இணைப்பு கம்பி, இயக்கி, ஐபி முகவரி, தளப்பெயர் என்ற வரிசையில் கடந்து வருகிறது. எங்கே அறுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 2.0 கம்பிக்குள் நான்கு இழைகள்: இரண்டு மின்சாரத்திற்கு, இரண்டு தரவுக்கு. பாசார் மாலாமில் வாங்கும் மலிவான கம்பிகள் சிலவற்றில் தரவு இழைகளே இரா. கைப்பேசி மின்னேறும், அதைப் பார்த்துக் கம்பி நல்லது என்று நம்பிவிடுவோம். முனையத்தைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைக் கைப்பேசியைச் செருகாமல் ஒருமுறையும் செருகி ஒருமுறையும் இட்டுப் பாருங்கள். (கட்டளைகள் இங்கே ஒலிப்பின்படி உள்ளன, ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுக.) புதிய வரி தோன்றாவிட்டால் வேறு கம்பி, வேறு துளை. இன்னொன்று: ஆண்ட்ராய்டில் யுஎஸ்பி டெதரிங் விசை, கம்பியைக் கழற்றியதும் தானே அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மீண்டும் இயக்க வேண்டும்.

அடுத்தது இயக்கி. டெதரிங் விசையை இயக்கியவுடன், சூடோ சேர்த்து டிமெஸ்ஜி கட்டளையை இடுங்கள்: டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்து. கடைசி வரிகளில் ஆர்என்டிஐஎஸ் அல்லது என்சிஎம் என்ற பெயர் தெரிந்தால் இயக்கி அமர்ந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்ட்ராய்டின் கெர்னலும் லினக்ஸ், கணினியின் கெர்னலும் லினக்ஸ். ஆனாலும் இரண்டும் பல காலமாகப் பேசிக்கொண்டது மைக்ரோசாஃப்ட் வகுத்த ஆர்என்டிஐஎஸ் மொழியில்! புதிய கைப்பேசிகள் சில என்சிஎம்முக்கு மாறிவிட்டன. இரண்டுக்குமான இயக்கிகள் உபுண்டு போன்ற வழங்கல்களில் ஏற்கெனவே இருக்கின்றன. எதையும் தேடிப் பதிவிறக்க வேண்டியதில்லை. ஆர்ச் பயன்படுத்துவோர் மட்டும் கவனிக்க: கெர்னலைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யாதிருந்தால், ஓடும் கெர்னலுக்கு உரிய இயக்கிக் கோப்புகள் வட்டில் இல்லாமற்போய்விடும்.

ஐஃபோனுக்கு வழி வேறு. கணினியில் யுஎஸ்பிமக்ஸ்டி நிரல் இருக்க வேண்டும். திரைப்பூட்டைத் திறந்து, கணினியை நம்பலாமா என்ற கேள்விக்குச் சம்மதம் தந்து, ஹாட்ஸ்பாட்டை இயக்குங்கள்.

இயக்கி சரியென்றால் ஐபி அட்ரஸ் என்று தட்டுங்கள். யுஎஸ்பி0 என்றோ, ஈஎன்எக்ஸ் என்று தொடங்கியோ புதிய இடைமுகம் தெரியும். அதற்கு முகவரி இல்லாவிட்டாலும், 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தாலும், கைப்பேசி முகவரி வழங்கவில்லை என்று பொருள். டெதரிங் விசையை அணைத்து இயக்குங்கள். பலனில்லையேல் கம்பி இணைப்பு அமைப்பைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்திற்காக என்றோ கையால் இட்ட நிலையான முகவரி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைத் தானியங்கிக்கு மாற்றுக.

முகவரி வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? பிங் 8.8.8.8 என்று கேளுங்கள். பதில் வந்தால் இணையம் இருக்கிறது, பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் மட்டும் தவறுகிறது. இணைப்பு அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 என்று எழுதலாம். பதிலே வராவிட்டால் கைப்பேசியின் சொந்த இணையத்தைச் சோதியுங்கள். கட்டணத் திட்டங்கள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டு. அது தீர்ந்தால் கைப்பேசியில் எல்லாம் ஓடும், கணினியில் ஒன்றும் ஓடாது. ஆண்ட்ராய்டில் இயங்கும் விபிஎன் பொதுவாகக் கணினிக்குக் கடந்து வருவதில்லை. நூலகத் தரவுத்தளத்திற்கு அது தேவையென்றால் கணினியிலேயே நிறுவுங்கள்.

பலர் அறியாத பயன் ஒன்று. புதிதாக லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியில் வைஃபை இயக்கி இல்லாமல் தவிப்போர் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியை வளாக வைஃபையில் இணைத்து, அதையே கம்பி வழியாகக் கணினிக்குப் பகிரலாம்; கைப்பேசித் தரவு செலவாகாமல் இயக்கி வந்து சேரும். கைப்பேசித் தரவையே பயன்படுத்தும் நாளில், இணைப்பு அமைப்பில் அதை அளவுள்ள இணைப்பு என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இடுபணியை ஏற்றும் நேரம் பார்த்துக் கணினி தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கும்.