தர்ப் அல்-அஹ்மர்: நடந்து வாழும் ஒரு பழம்பேட்டை

நலிந்த நகர்ப்பகுதி ஒன்றைத் திருத்துவதென்றால் முதலில் இடிக்க வேண்டும், பின்னர் அகன்ற சாலை அமைக்க வேண்டும், அதன்பின் அடுக்குமாடி எழுப்ப வேண்டும் என்னும் எண்ணம் உலகெங்கும் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்திற்கு மாறாக, இருந்த தெருக்களையும் இருந்த மக்களையும் அவ்வண்ணமே வைத்துக்கொண்டு ஒரு பேட்டைக்கு மறுவாழ்வு அளிக்க முயன்ற வரலாறு எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் காணக்கிடைக்கிறது. அப்பேட்டை தர்ப் அல்-அஹ்மர். 'சிவப்பு வழி' என்பது அப்பெயரின் பொருள். பெயரிலேயே வழி இருப்பது பொருத்தமே. அதன் கதை பெரிதும் நடைவழியின் கதையாகவே அமைந்துள்ளது.

வழியும் வாழ்வும்

கி.பி. 969-இல் ஃபாத்திமிய்யர் நிறுவிய அல்-காஹிரா நகரின் தெற்கு வாயில் பாப் ஸுவைலா. இன்று நிற்கும் கல்வாயில் 1092-இல் எழுந்தது. அதற்குத் தெற்கே, குன்றின்மேல் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி 1176-இல் கட்டத் தொடங்கிய கோட்டை உள்ளது. வாயிலுக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட நிலத்தில் 14-ஆம் நூற்றாண்டின் மம்லூக் அமீர்கள் போட்டியிட்டுப் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் எழுப்பினர். 1347-இல் முடிவுற்ற ஆக்ஸுன்குர் பள்ளிவாசலும், சுல்தான் ஷஅபான் தம் அன்னையின் பெயரால் 1368-69-இல் அமைத்த மதரஸாவும் அவற்றுள் குறிப்பிடத்தக்கன.

எனினும் இப்பேட்டையின் செல்வம் கட்டடங்கள் மட்டுமன்று. அதன் தெரு அமைப்பும் ஆகும். ஊடறுத்துச் செல்லும் வழியைத் 'தர்ப்' என்றும், குடியிருப்புத் தெருவை 'ஹாரா' என்றும், பெரும்பாலும் முட்டுச்சந்தாய் முடியும் கிளைச் சந்தினை 'அத்ஃபா' என்றும் அரபியர் பிரித்து வழங்குவர். நம் காயல்பட்டினத்து முடுக்குகளில் நடந்து பழகியோர்க்கு இப்பாகுபாடு எளிதில் விளங்கும். இவ்வழிகள் குறுகியவை. ஆதலால் எதிரெதிர் வீடுகளின் சுவர்கள் ஒன்றற்கொன்று நிழல் தருகின்றன; பாலை வெயிலிலும் மனிதர் நடக்க முடிகிறது. கீழ்த்தளத்தில் தச்சரும் பளிங்குக் கொல்லரும் சிப்பி பதிப்போரும் தொழில் செய்ய, மேல்தளத்தில் குடும்பங்கள் வாழ்கின்றன. பாப் ஸுவைலாவுக்கு வெளியே, 17-ஆம் நூற்றாண்டில் ரிள்வான் பே எழுப்பிய கூரையிட்ட அங்காடித் தெருவில் கூடாரத் துணி தைப்போர் இன்றும் ஊசி நூலுடன் அமர்ந்துள்ளனர். வேலைக்கும் தொழுகைக்கும் கடைக்கும் கால்நடையாகவே செல்லக்கூடிய வாழ்க்கை அது. இக்கால நகரமைப்பு வல்லுநர் பெருஞ்செலவில் உருவாக்க முனையும் ஒன்று இங்கு ஏற்கனவே இருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நலிவின் காரணங்கள்

அவ்வாறாயின் பேட்டை நலிந்தது ஏன்? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வர்கள் நைல் நதிப்பக்கத்துப் புதுக்குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வாடகையை உறையவைத்த சட்டங்கள் ஏழைக் குடித்தனக்காரரைக் காத்தன. அதே வேளையில், அற்ப வாடகை பெறும் வீட்டுக்காரர் சுவர் விரிசலை ஏறிட்டும் பாராதவாறு செய்தன. காத்த சட்டமே சிதைக்கவும் செய்தது. 1992 அக்டோபரில் நேர்ந்த நிலநடுக்கம் எஞ்சியிருந்தவற்றையும் உலுக்கியது. கிழக்கு எல்லையிலோ ஐந்நூறு ஆண்டுகளாக நகரத்தார் கொட்டிய இடிபாடும் குப்பையும் குன்றாய்க் குவிந்து, ஸலாஹுத்தீன் காலத்து மதிலையே மூடிக் கிடந்தன.

குப்பைமேட்டில் தொடங்கிய பணி

1984-இல் கெய்ரோவில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றையொட்டி நான்காம் ஆகா கான் இந்நகருக்குப் பூங்கா ஒன்றை அளிக்க முன்வந்தார். கெய்ரோவாசி ஒருவருக்குக் கிடைக்கும் பசுமை நிலம் ஒரு காலடி அளவே என்று அத்திட்டத்தார் அக்காலத்தில் கணக்கிட்டுக் கூறினர். கிடைத்த இடம் மேற்சொன்ன குப்பைமேடே. பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். இடையில் நகரக் குடிநீருக்காக 80 மீட்டர் விட்டமுள்ள மூன்று நீர்த்தொட்டிகள் அங்கே புதைக்கப்பட்டமையால் பணி பல்லாண்டு தாமதித்தது. பின்னர் 15 இலட்சம் கன மீட்டர் மண்ணும் இடிபாடும் அகற்றியும் இடம்மாற்றியும் சீர்செய்யப்பட்டன. அல்-அஸ்ஹர் பூங்கா 2005-இல் திறக்கப்பெற்றது.

மண்ணைத் தோண்டத் தோண்ட, 12-ஆம் நூற்றாண்டு மதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்திற்கு வெளிப்பட்டது. சிக்கலும் உடன் வெளிப்பட்டது. மதிலை ஒட்டியும் சில இடங்களில் மதிலின் மீதுமே வீடுகள் நின்றன. நினைவுச்சின்னத்தைச் சுற்றியுள்ள வீடுகளை அகற்றி வெற்றிடமாக்குவதே பழைய அரசுத் திட்டங்களின் போக்கு. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையினர் இதனை ஏற்கவில்லை. மதில் என்பது மக்கள் சார்ந்து வாழ்ந்த சுவர், வீடுகளை அகற்றினால் மதிலும் அனாதையாகும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் வென்றதே இத்திட்டத்தின் உயிர்நிலை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

அதன்படி வீடுகள் ஒவ்வொன்றாகச் செப்பனிடப்பட்டன. செலவின் ஒரு பங்கை வாழ்வோரே தவணைக் கடனாக ஏற்றனர். கழிப்பிடமும் குடிநீர்க் குழாயும் வீட்டினுள் வந்தன. நடையின் நலத்தைப் பேசுவோர் இதனைச் சிறிதாக எண்ணுதல் கூடாது. தர்ப் ஷுக்லான் என்னும் வழியில் இருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடம் சமூக மையமாயிற்று. பேட்டை இளைஞர்கள் கற்பணியும் தச்சுப்பணியும் பயின்று மதில் சீரமைப்பிலேயே கூலி பெற்றனர். சிறுதொழிலுக்குக் கடன் வழங்கப்பெற்றது. ஆக்ஸுன்குர் பள்ளிவாசல் சீரமைக்கப்பெற்று 2015-இல் மீளத் திறக்கப்பட்டது.

குறையில்லாமல் இல்லை. பூங்காவினுள் நுழையக் கட்டணம் உண்டு. அதன் முதன்மை வாயிலோ ஸலாஹ் ஸாலிம் நெடுஞ்சாலையில், ஊர்திகளில் வருவோர்க்கு வசதியாக உள்ளது. மதிலின் அடியில் வாழ்வோர்க்கு அன்றோ அப்பூங்கா முதலில் உரியது!

வேறொரு வழி

பாப் ஸுவைலாவின் வடபுறம் நீளும் அல்-முயிஸ் தெருவின் கதையை இதனோடு ஒப்புநோக்கலாம். அரசு பெரும்பொருள் செலவிட்டு அத்தெருவின் சின்னங்களைப் புதுப்பித்துக் கல் பாவி, பகற்பொழுதில் ஊர்திகளைத் தடுத்து, திறந்தவெளி அருங்காட்சியகமாக்கியது. 2011 எழுச்சியைத் தொடர்ந்து காவல் தளர்ந்தபோது ஊர்திகள் மீண்டும் புகுந்தன. பின்னரே மறுபடியும் தடை வந்தது. நைல் கரையை ஒட்டிய மஸ்பரோ முக்கோணப் பேட்டையோ 2018-இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்தோருள் சிலர் மீண்டு வரும் உரிமையைத் தேர்ந்தனர். ஏனையோர் இழப்பீடு பெற்றோ தொலைவிலுள்ள அல்-அஸ்மராத் குடியிருப்புக்கோ சென்றனர். கால்நடையாக வேலைக்குச் சென்ற ஒருவரை நகரின் விளிம்பில் குடியமர்த்தினால் அவர் நாளும் பேருந்துக் கட்டணம் தேட வேண்டியவராகிறார்.

எழுந்துள்ள வினா

தர்ப் அல்-அஹ்மரின் குடிகளை இதுகாறும் அவ்விடத்தில் நிறுத்தியதில் பழைய வாடகைச் சட்டத்திற்கும் பெரும் பங்குண்டு. எகிப்து அரசு 2025 ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொணர்ந்த புதிய சட்டம் அப்பழைய வாடகை உடன்பாடுகளுக்கு முடிவுகட்டுகிறது. குடியிருப்புகளுக்கு ஏழாண்டு, தொழிலிடங்களுக்கு ஐந்தாண்டு என இடைக்காலம் வகுத்துள்ளது. அதுவரை வாடகையும் பன்மடங்கு உயரும். வீட்டுக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. அரை நூற்றாண்டாக ஒரு தேநீர் விலைக்கு வீட்டை விட்டவர்கள் பலர். ஆயினும் செப்பனிட்ட வீடு, பூங்காவின் காட்சி, நிழல் படிந்த நடைவழி ஆகிய அனைத்தும் இனி வாடகையாக விலை பேசப்படும். 2030-இல் பட்டறைகளின் தவணையும் 2032-இல் வீடுகளின் தவணையும் முடியும். சிப்பி பதிக்கும் கைவினைஞர் தம் பட்டறையிலிருந்து மாடிப்படி ஏறியே வீடு சேரும் வாழ்வு அதன்பின்னும் நிற்குமா என்பதற்கு அறக்கட்டளையும் அரசும் இன்னும் விடை கூற வேண்டியுள்ளது.