உரிமம் யாரைக் காக்கிறது?

கேள்வி: மருத்துவர் பதிவு நோயாளியைக் காக்கவா, மருத்துவர்களின் பிழைப்பைக் காக்கவா?
– வாசகர், வினாயகபுரம்

பதில்: இலங்கையில் மேலைத்தேய மருத்துவம் செய்ய, 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டப்படி மருத்துவ சபையில் பதிவு வேண்டும். நோயாளியால் மருத்துவரின் திறமையை முன்கூட்டி எடைபோட முடியாது. தவறினால் போவது உயிர். எனவே பதிவுக்கு நியாயம் உண்டு. ஆனால் வாசலைக் காக்கும் சபையில் பெரும்பாலோர் மருத்துவர்களே. தங்களோடு போட்டியிடப் போகிறவர்களைத் தாங்களே அனுமதிக்கும் நிலை அது.

இந்த முரண் மாலபேயிலிருந்த 'சைற்றம்' தனியார் மருத்துவக் கல்லூரி விவகாரத்தில் வெடித்தது. நோயாளிகளிடம் பெறும் பயிற்சி போதாது என்று அதன் பட்டதாரிகளைப் பதிவு செய்ய சபை மறுத்தது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்யுமாறு தீர்ப்பளித்தது. அரச மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நோயாளியின் பெயரால் நடந்த போராட்டத்தில் திரும்பிப் போனவர்களும் நோயாளிகளே. அரசு கல்லூரியை மூடி, மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் பட்டதாரிகள் பக்கமே நின்றது.

பயிற்சி பற்றிய கவலை பொய்யல்ல. ஆயினும் அதற்குப் பொதுவான பரீட்சையே நேர் வழி. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு அப்படியொன்று ஏற்கெனவே உண்டு. பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1962இல் மருத்துவ உரிமமே வேண்டாம் என்றார். அது அளவு மீறிய வாதம். பரீட்சையில் தேறியவரையும் தடுக்கும் விதி மட்டுமே தொழிலுக்கான வேலி.