தறிக்குப் போகும் அம்மாவுக்கும் வீட்டாருக்கும்: தாய்ப்பால் குறிப்புகள்

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் விசைத்தறியும் மில்லும்தான் பிழைப்பு. பால் சுரப்பது தாயின் உடம்பு என்றாலும், அது வற்றாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் கையில் இருக்கிறது. ஆகவே இதில் பாதிக் குறிப்புகள் அம்மிச்சிக்கும் மாமியாருக்கும் கணவருக்கும்.

1. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடுங்கள். சிசேரியன் என்றாலும் தாய் விழித்ததும் கொடுக்கலாம். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. மாடு கன்று போட்டால் முதலில் கன்றுக்குச் சீம்பால் கிடைத்ததா என்று பார்க்கிற ஊர் இது. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் சர்க்கரைத் தண்ணியும் கழுதைப் பாலும்?

2. "பால் பத்தலை கண்ணு, புட்டி குடுத்தரலாம்" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். முதல் நாள் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் கொள்ளும், அவ்வளவுதான். பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரக் குழந்தை நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போய், எடையும் ஏறினால் பால் போதும். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். புட்டி உள்ளே வந்தால் குழந்தை உறிஞ்சுவது குறையும், சுரப்பும் குறையும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, ராத்திரியும் சேர்த்து, கொடுங்கள். ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

3. காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். வாயை நன்றாகத் திறந்து, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகுமாறு பிடித்துக்கொள்ளுங்கள்.

4. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான். உரை மருந்தும் கிரைப் வாட்டரும் வேண்டாம். டாக்டர் எழுதிய வைட்டமின் டி சொட்டு மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

5. தாய்க்கு என்ன லாபம்? குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் சுரந்து கர்ப்பப்பை சுருங்குகிறது, ரத்தப்போக்கு குறைகிறது. மொத்தத்தில் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 4 சதவீதம் குறைவதாக 2002-இல் 'லான்செட்' இதழில் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. சினைப்பைப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பும் குறைகிறது. பிள்ளைக்காக என்று மட்டுமே பேசி, இதை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

6. பத்தியம் என்று தாயின் தண்ணீரைக் குறைக்காதீர்கள். "வயிறு ஊதிக்கும்" என்பதற்கு ஆதாரமில்லை. வழக்கத்தைவிடச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, முருங்கைக் கீரை, பச்சைப்பயறு, முட்டை எல்லாம் கொடுங்கள். பூண்டு நல்லதுதான், பூண்டு மட்டும் போதாது.

7. வேலைக்குத் திரும்பியதும் பாலைப் பீச்சி வைக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் சுத்தம் செய்த மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் பிடியுங்கள். அறையில் 4 மணி நேரம் தாங்கும். வெயில் காலத்தில் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்தட்டில் வைத்தால் ஒரு நாள். அடுப்பில் காய்ச்சாமல், சுடுதண்ணீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டுங்கள். வேலையிடத்திலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீச்சாவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும். கட்டிச் சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள், கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

8. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், தாய் அங்கே தினம் நான்கு முறை போய்வரும் உரிமையும் வந்தன. மில்லில் வேலை என்றால் கேட்டு வாங்குங்கள். நாலைந்து பேர் வேலை செய்யும் தறிக்குடோனில் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே வழி ஒன்றுதான்: புருஷனும் அதே குடோனில் ஓட்டுகிறார் என்றால், பால் கொடுக்கும் அரை மணி நேரம் மனைவியின் தறியையும் சேர்த்து அவர் பார்த்துக்கொள்ளட்டும். தொட்டிலைத் தறிச் சத்தத்திலிருந்தும் பஞ்சுத் தூசியிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள்.

9. பால் மிஞ்சுகிறதா? கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. தானம் தருபவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலைப் பதப்படுத்தி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நேரடியாகக் கொடுப்பதைவிட இதுவே பத்திரம்.