இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தின் விலை

கடந்த ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வலது கையில் மாவுக்கட்டோடு வந்தான். வீட்டிலிருந்த மின்சார ஸ்கூட்டரில் தங்கையைப் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போயிருக்கிறான். திருப்பத்தில் கிடந்த மணலில் வண்டி சறுக்கி, சாலையோரமாக நடந்து வந்த கீரைக்காரப் பாட்டி மீது மோதிவிட்டது. அவனுக்கு முன்கை எலும்பு முறிவு. தங்கைக்கு முகவாயில் நான்கு தையல். பாட்டிக்கு மணிக்கட்டு முறிவு.

அவனுடைய அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்பவர். பள்ளிக்கு வந்தபோது, "லைசென்ஸ் வேண்டாம், பசங்களே ஓட்டலாம்னு சொன்னாங்க சார். அதை நம்பித்தான் வாங்கினோம்" என்றார். அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மாணவன் 'இயக்கம்' பாடத்தில் நான் வைத்த 25 மதிப்பெண் தேர்வில் 23 எடுத்தவன். சமன்பாடு தெரிந்திருந்தது, அது தன் வண்டிக்கும் பொருந்தும் என்பது தெரியவில்லை. அந்தக் குறை என் கற்பித்தலில் இருந்தது. அதைச் சரிசெய்ய மூன்று பாடவேளைகளை ஒதுக்கினேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: வேகத்தை அளந்து பார்த்தல்

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை 5/18ஆல் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 6.9 மீட்டர். இந்த வேகத்தை ஒரு பொருள் அடைய எவ்வளவு உயரத்திலிருந்து விழவேண்டும் என்று கேட்டேன். மூன்றாவது இயக்கச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தபோது விடை ஏறத்தாழ 2.5 மீட்டர் வந்தது. வகுப்பறைக் கதவின் நிலையைவிட உயரம். 45 கிலோமீட்டர் வேகத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 8 மீட்டர் வருகிறது. "நம்ம மாடிக் கட்டடத்து உயரம் சார்" என்றாள் ஒரு மாணவி.

இங்கே ஆசிரியர் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வண்டியிலிருந்து விழுபவர் சாலையில் சறுக்கிச் சென்று வேகம் குறைந்து நிற்பதும் உண்டு. சுவரிலோ வேறு வாகனத்திலோ நேராக மோதும்போதுதான் இந்த ஒப்பீடு முழுமையாகப் பொருந்தும்.

அடுத்து மைதானத்துக்குப் போனோம். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஒரு வினாடியில் 25 கி.மீ. வேக வண்டி 7 மீட்டர் ஓடிவிடும். பிறகு வினாடிக்கு 5 மீட்டர்/வினாடி என்ற அளவில் வேகம் குறைவதாகக் கொண்டால், நிற்பதற்கு மேலும் 5 மீட்டர் தேவை. ஆக மொத்தம் 12 மீட்டர். 45 கி.மீ. வேகத்துக்கு 12.5 மீட்டரும் 15.6 மீட்டரும் சேர்ந்து 28 மீட்டர். நாடாவால் அளந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம்.

மாவுக்கட்டுப் போட்ட மாணவன் 7 மீட்டர் கோட்டின் அருகே வெகுநேரம் நின்றான். "பாட்டி நாலு மீட்டர்லதான் சார் இருந்தாங்க" என்றான். பிரேக் பிடிக்கவே நேரமில்லை என்பதை அவனே கண்டுகொண்டான். நான் எதுவும் சொல்லவில்லை.

தலைக்கவசத்தின் வேலையையும் அன்றே விளக்கினேன். உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கும்போது தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் சற்று நீள்கிறது. நேரம் நீண்டால் தலை மீது செயல்படும் விசை குறைகிறது. பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடத்தில் வரும் கணத்தாக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் பாடவேளை: மருத்துவமனைத் தரவு

அமெரிக்க நகரங்களில் 2017 முதல், நின்றபடி ஓட்டும் சிறிய மின்சார ஸ்கூட்டர்கள் செல்பேசிச் செயலி வழியாக வாடகைக்கு வந்தன. அங்கே கலிபோர்னியா மாநிலத்தில் இரண்டு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு, 2017 செப்டம்பர் முதல் 2018 ஆகஸ்ட் வரை இவ்வண்டிகளால் காயமடைந்து வந்தவர்களின் விவரத்தை மருத்துவர்கள் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து சில எண்களைக் கரும்பலகையில் எழுதினேன்.

மொத்தம் 249 பேர். ஓட்டியவர்கள் 228, ஓட்டாதவர்கள் 21. தலையில் காயம் 100 பேருக்கு. எலும்பு முறிவு 79 பேருக்கு. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் 27. தலைக்கவசம் அணிந்திருந்ததாகப் பதிவான ஓட்டுநர்கள் 10 பேர்.

மாணவர்கள் சதவீதம் கண்டார்கள். தலைக்காயம் 40.2, எலும்பு முறிவு 31.7, தலைக்கவசம் 4.4. "வண்டியே ஓட்டாத 21 பேருக்கு எப்படிக் காயம்?" என்று கேட்டேன். வண்டி மோதியவர்கள், நடைபாதையில் நிறுத்திய வண்டியில் தடுக்கி விழுந்தவர்கள், வண்டியைத் தூக்க முயன்றவர்கள் என்று பதிவில் இருந்ததைச் சொன்னேன். "நம்ம கீரைக்காரப் பாட்டி மாதிரி" என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது.

ஒரு மாணவி கேட்ட கேள்வி என்னையே யோசிக்க வைத்தது. "ஹெல்மெட் போட்டவங்களுக்கு அடிபடாம, ஆஸ்பத்திரிக்கே வராம இருந்திருக்கலாம் இல்லையா சார்?" சரியான கேள்வி. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்களைப் பற்றித் தெரியாது. ஆகவே 4.4 என்ற எண்ணை மட்டும் வைத்துத் தலைக்கவசத்தின் பயனை நிறுவ முடியாது. அதற்கு வேறு வகை ஒப்பீடு வேண்டும். புள்ளியியல் பாடத்தில் தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்க இது நல்ல வாய்ப்பு.

நகரங்கள் எடுத்த முடிவுகளையும் பேசினோம். சிங்கப்பூர் 2019 நவம்பரில் நடைபாதைகளில் மின்சார ஸ்கூட்டர்களுக்குத் தடை விதித்தது. பாரிஸ் மாநகரம் 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அந்த ஆண்டு செப்டம்பருக்குள் வாடகை ஸ்கூட்டர்களை அகற்றியது. நம் ஊரில் ஓடுபவை உட்கார்ந்து ஓட்டும் வண்டிகள், சாலையும் வேறு. ஆனால் காயத்துக்கான செலவை யார் சுமப்பது என்ற கேள்வி எல்லா ஊருக்கும் பொது.

மூன்றாம் பாடவேளை: யார் செலவு?

முதலில் சட்டம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு மிகாமலும், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், மின்கலம் நீங்கலாக எடை 60 கிலோவுக்குக் குறைவாகவும் உள்ள மின்சார இருசக்கர வண்டிகளை விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. அதனால் உரிமமும் பதிவும் தேவையில்லை. அம்மா கேள்விப்பட்ட பாதி இதுதான். மீதிப் பாதி: மோட்டார் வாகனம் இல்லை என்றால், மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீடும் இல்லை. யார் மீதாவது மோதினால் ஈடுகட்டக் காப்பீட்டு நிறுவனம் வராது.

இந்த வரம்பைத் தாண்டும் மின்சார ஸ்கூட்டர்களுக்கு உரிமம், பதிவு, காப்பீடு, தலைக்கவசம் எல்லாம் கட்டாயம். அவற்றை 18 வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய சிறுவர் 25 வயதுவரை உரிமம் பெற முடியாது.

பிறகு கணக்கு. மாணவனின் அம்மா அனுமதி தந்ததோடு, எழுதி வைத்திருந்த நோட்டையும் கொடுத்தார். அது எந்த வீட்டுக் கணக்கு என்று வகுப்பில் நான் சொல்லவில்லை. "அரசு மருத்துவமனையில் கட்டிய தொகை எவ்வளவு இருக்கும்?" என்று தொடங்கினேன். விடை: சுழியம். "அப்படியானால் செலவே இல்லையா?"

அம்மா வேலைக்குப் போகாத நாள்கள் 18. நாளுக்கு 450 வீதம் 8,100 ரூபாய். ஆட்டோவுக்கு 12 தடவை, 120 வீதம் 1,440. கூடையைத் தூக்க முடியாத பாட்டிக்கு இரண்டு மாத வருமானத்துக்காக நாளுக்கு 200 வீதம் 12,000. வண்டிப் பழுது 6,500. கூட்டினால் 28,040. இதற்காக நகையை அடகு வைத்து வாங்கிய 25,000 ரூபாய்க்கு மாதம் ஒரு சதவீத வட்டி, பத்து மாதத்துக்கு 2,500. மொத்தம் 30,540 ரூபாய்.

மருத்துவர், எக்ஸ்ரே, மருந்து, படுக்கை ஆகியவற்றின் செலவு இந்தக் கணக்கில் இல்லை. அது அரசின் செலவு, அதாவது நம் வரிப்பணம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டதையும், 108 எண்ணையும், விபத்தில் உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதையும் சொன்னேன். இவற்றை மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்வது முக்கியம்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

அடிபட்ட மாணவனை எடுத்துக்காட்டாக நிறுத்தாதீர்கள். அவனே பேசினால் பேசட்டும். பள்ளி வாசலில் வண்டியைத் தடுத்தால், அது அடுத்த தெருவில் நிற்கும். எனவே பெற்றோரிடம் பேசுவது அவசியம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அறிவுரை சொல்வதைவிட, மாணவர்கள் போட்ட கணக்கை அவர்களே வாசிக்கட்டும்.

எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் நடந்தது. 30,540 என்று ஒரு மாணவி வாசித்து முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து, "அது எங்க வீட்டுக் கணக்குதான். பாட்டி கை இன்னும் முழுசா மடங்கலை. அதை எப்படிக் கணக்குல சேர்க்கிறது?" என்றார். யாரிடமும் விடை இல்லை. மறுவாரம் எங்கள் பள்ளிக்கு அடுத்த தெருவில் நின்ற வண்டிகள் முன்பைவிடக் குறைவாக இருந்தன. அந்த மாணவன் இப்போது தங்கையோடு நடந்துதான் பள்ளிக்கு வருகிறான்.