பீடி போனது, காபி ஏறியது

கேள்வி: எனக்கு 58 வயது. கரும்பு விவசாயம். ஏழு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 மாத்திரை கொடுத்து, 108-ல் ஏற்றி அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. அன்றோடு பீடியையும் விட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்தே படபடப்பு, கை நடுக்கம், ராத்திரியில் தூக்கமில்லை. மாத்திரையின் வேலைதான் என்று மூன்று நாளாக மெட்டோப்ரோலாலை நிறுத்திப் பார்த்தேன். படபடப்பு இன்னும் கூடிவிட்டது. காபி தினம் ஐந்து டம்ளர், எப்போதும் குடிக்கிற அளவுதான். காபியா, மாத்திரையா, எதை விடட்டும்?
- வாசகர், அண்ணாகிராமம்

பதில்: முதலில் மாத்திரை. மெட்டோப்ரோலால் துடிப்பை அடக்கி வைப்பது. திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலியே திரும்பலாம். இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி மறுபடி தொடங்குங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலில் இப்படிப் பரீட்சை வேண்டவே வேண்டாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடலாம்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன பீடியில்தான் எனக்குச் சந்தேகம். பீடிப் புகை கல்லீரலை முடுக்கிவிட்டு, காபியில் இருக்கும் காஃபீனைச் சீக்கிரம் கழிக்க வைக்கும். பீடியை விட்ட சில நாளிலேயே அந்த முடுக்கம் அடங்கிவிடும். அதன் பிறகு அதே ஐந்து டம்ளர் குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நிற்கும். உங்கள் கணக்கில் ஐந்து, உடம்பின் கணக்கில் பத்து! இந்தப் படபடப்பைப் பீடி ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

மூச்சிரைப்புக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பீடி குடித்தவர்கள் பலர் மெடிக்கலில் கேட்டு வாங்குவார்கள். அதில் தியோஃபிலின் இருந்தால், அது காஃபீனுக்குப் பங்காளி. படபடப்பில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். பீடியை விட்டபின் அதுவும் உடம்பில் கூடுதலாகத் தங்கும். சிப்ரோஃப்ளாக்சசினும் காஃபீன் கழிவதைத் தாமதப்படுத்தும். ஆகவே டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் கொண்டுபோங்கள்.

காபியை அடியோடு விட வேண்டியதில்லை. மாரடைப்பு வந்தவர் ஒன்றிரண்டு டம்ளர் குடிப்பதால் இன்னொரு அட்டாக் வரும் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலிதான் மிஞ்சும். இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, தினம் இரண்டு டம்ளரில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது டம்ளர் மதியத்துக்குள் முடியட்டும். குடித்த காஃபீனில் பாதி கழியவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், உங்கள் தூக்கம் போகும் வழி அதுதான். சிக்கரி கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டுவோமே, அந்தத் தூள் இப்போது உங்களுக்குத் தோது. சிக்கரியில் காஃபீன் கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் பண்ருட்டி அரசு மருத்துவமனையில் ஓர் ஈசிஜி எடுத்துவிடுங்கள். எல்லாப் படபடப்பும் காபியால் வருவதல்ல. துடிப்பு தவறித் தவறி அடித்தாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு அழுத்தி வியர்த்தாலோ, காபியா மாத்திரையா என்று யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.